எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே

மார்ச் 2, திங்கள்

வேலாங்காட்டுப்புதூர் நகரக் கூட்டுறவு வங்கிக்கு நான் பொறுப்புப் பொது மேலாளராகி இன்றோடு இரண்டு மாதம். பொறுப்பு என்றால் வேலை புதுசு, சம்பளம் பழசு. பழைய ஜி.எம். ஓய்வு பெற்றுப் பேரனைப் பார்க்க ஓசூர் போய்விட்டார். அவர் அறை காலியாகத்தான் கிடக்கிறது. நான் தலைமைக் கணக்காளர் மேசையிலேயே இருக்கிறேன். அந்தப் பதவி மேல் எனக்கு ஆசை எதுவும் கிடையாது.

பிப்ரவரிக் கணக்கை முடித்தேன். மூலதன விகிதம் எட்டரை சதவீதம். ஒன்பது இருக்க வேண்டும். மார்ச் 31 அன்று ஒன்பது இல்லாவிட்டால் ஏப்ரலிலிருந்து புதுக் கடன் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியிலிருந்து ஜனவரியிலேயே கடிதம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் தேறாவிட்டால் ஏதாவது பெரிய வங்கியோடு சேர்த்துவிடுவார்கள். நாற்பத்தோரு வருடத்து வங்கி, இரண்டு கிளை, இருபத்து மூன்று பேர். போன வருடம் ஒரு நூல் மில் மூடிக்கொண்டு போனபோது எங்கள் கடனையும் சேர்த்து மூடிக்கொண்டு போனது. அந்த நட்டம்தான் இந்த எட்டரை.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் அடுப்பைப் பார்த்து, "துளசி, உங்க பேங்கு மாதிரியே ஆயிருச்சு" என்றார். போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவருக்கு ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த ஒரே பயணி நான்.

மார்ச் 3, செவ்வாய்

நிர்வாகக் குழுக் கூட்டம். தலைவர் நாச்சிமுத்துவுக்கு பஸ் பாடி கட்டும் பட்டறை. தங்கமான மனிதர். ஆனால் எதையும் வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்று நம்புகிறவர்.

"ஏனுங்க மேடம், டெபாசிட்டுதான் கோடிக் கணக்குல கிடக்குதே. அப்புறம் எதுக்குங்க மூலதனம் பத்தலைங்கறாங்க?"

"டெபாசிட்டு ஊரான் காசுங்க. கேட்டா அன்னிக்கே குடுக்கணும். மூலதனங்கறது நம்ம உறுப்பினர்க போட்ட பங்குப் பணமும் சேத்து வெச்ச லாபமும். குடுத்த கடன் வராமப் போச்சுன்னா அந்த அடி ஊரான் காசு மேல விழாம நம்ம காசு தாங்கோணும். நூறு ரூவா கடனுக்கு ஒம்பது ரூவாயாச்சும் நம்ம காசு இருக்கோணும். நம்மகிட்ட எட்டரைதான் இருக்குது."

"அரை ரூவாய்க்கா இத்தன கூத்து?"

"நூறு கோடிக்கு அரைன்னா அம்பது லட்சமுங்க."

தலைவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

எல்லாக் கடனும் ஒரே எடை இல்லை என்பதையும் சொன்னேன். ஜாமீன் இல்லாத தனிநபர் கடன் நூறு ரூபாய் கொடுத்தால் நூற்றிருபத்தைந்தாக எண்ண வேண்டும். சொந்த டெபாசிட்டின் மேல் வாங்கிய கடனுக்கு எடையே இல்லை. நகைக்கடன் நூறுக்கு நூறு. இந்த எடைப் பட்டியல் என் கையெழுத்தில் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பதினோரு வருடமாக இருக்கிறது. ஆடிட்டர்களே வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள்.

"அப்ப மேல இருக்கறத ஏத்தோணும், இல்லாட்டிக் கீழ இருக்கறத எறக்கோணும்" என்றார் தலைவர். மனிதர் விஷயத்தைப் பிடித்துவிட்டார். பங்கு விற்பது அவர் வேலை, கனமான கடனை லேசான கடனாக மாற்றுவது என் வேலை என்று பிரித்துக்கொண்டோம்.

மார்ச் 5

காலையில் ஆபீஸ் வாசலில் ஒரு லாரி. உள்ளே முந்நூறு எவர்சில்வர் தூக்குப்போசி, மூடியும் கைப்பிடியும் வைத்த பாத்திரம். ஐயாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு தூக்குப்போசி இனாம் என்று தலைவர் ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பிவிட்டார். மூலதனத்தை ஏற்றுவதற்காக எழுபத்தோராயிரம் ரூபாய் செலவு செய்து மூலதனத்தைக் குறைத்த முதல் வங்கி நாங்களாகத்தான் இருப்போம்.

அதையும் சொன்னேன். "முதல் போடாம யாவாரம் ஆகுமுங்களா?" என்றார்.

மார்ச் 6

பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கும் பாப்பாத்தி அக்கா வந்தார். வருடா வருடம் ஏப்ரலில் எங்களிடம் எண்பதாயிரம் கடன் வாங்கி, மாந்தோப்புக்காரருக்கு முன்பணம் கொடுத்து, ஜூலைக்குள் கட்டிவிடுவார். பதினாறு வருடத்தில் ஒரு தவணை தவறியதில்லை. எங்கள் கடன் இல்லையென்றால் தினவட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். இந்த வருடம் ஒன்பது வராவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது அந்த மாங்காய்தான்.

"மைக்குல பங்கு பங்குன்னு கத்தறாங்களே, அது வாங்குனா என்ன கெடைக்கும் அம்மிணி?"

"லாபம் வந்தா ஈவுத்தொகை குடுப்போமுங்க அக்கா."

"வரலீனா?"

"குடுக்க மாட்டோம்."

"வேணும்னா போட்ட காசத் திருப்பி வாங்கிக்கலாமா?"

"இப்பத்திக்கு முடியாதுங்க. ஒம்பதுக்கு மேல இருந்தாத்தான் திருப்பித் தர உடுவாங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்புடிப் பேசீட்டு நீ எப்புடித்தான் இத்தன வருசம் யாவாரம் பண்ணுனயோ" என்றவர், இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து ஐயாயிரத்தை எண்ணி வைத்தார். தூக்குப்போசியைத் தட்டிப் பார்த்து, அடி கனம் பத்தாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 10

ஐந்து வீடு ஏறி இறங்கினேன். எட்டு லட்சம் டெபாசிட் வைத்துக்கொண்டு அதே வங்கியில் மூன்று லட்சம் தனிநபர் கடன் வாங்கியிருக்கிறார் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். டெபாசிட் மேல் கடனாக மாற்றினால் அவருக்கு வட்டி குறையும், எனக்கு எடை குறையும். புரிய வைக்க ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில், "வட்டி கொறையுமுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே, எதுக்கு மூலதனம் மண்ணாங்கட்டின்னுட்டு" என்றார்.

செருப்பு அறுந்துவிட்டது.

மார்ச் 13

பங்கு ஆறு லட்சம். விகிதம் 8.61. மாவு புளித்துவிட்டது.

மார்ச் 17

மார்க்கெட் கிளை மேலாளர் ஜீவானந்தம் ஒரே வாரத்தில் ஒன்பது லட்சத்துக்குப் பங்கு சேர்த்திருக்கிறார். முப்பத்தொரு வயது. எதைச் சொன்னாலும் "முடிச்சரலாமுங்க மேடம்" என்பார். இன்று எல்லோர் முன்னாலும் அவரைப் பாராட்டினேன். நான் பாராட்டுவது ஆடி மாதத்தில் கல்யாணம் நடப்பது போல என்று சென்னியப்பன் சொல்வார். அந்தப் பையனுக்குக் காது சிவந்துவிட்டது.

மார்ச் 20

8.89. என் மேசைக்கு மேலிருக்கும் ஃபேன் ஓடவில்லை. அதனால் ஜி.எம். அறையில் உட்கார்ந்தேன். வேறு காரணம் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

9.02.

மூன்று முறை கூட்டினேன். தொள்ளாயிரத்து ஆறு லட்சம் மூலதனம், நூறு கோடியே நாற்பது லட்சம் எடை. கால்குலேட்டரில் கூட்டினேன், கையால் கூட்டினேன், வீட்டுக்கு வந்து சென்னியப்பனை வைத்தும் கூட்டினேன். அவர் மனக்கணக்கில் பஸ்ஸே ஓட்டுவார். ஒன்பதுதான்.

தலைவர் பாயசம் வாங்கி எல்லா மேசைக்கும் அனுப்பினார். ஏப்ரல் கூட்டத்தில் என்னை நிரந்தர ஜி.எம். ஆக்கப்போவதாகச் சொன்னார். அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை என்றேன். அந்த அறையின் திரைச்சீலை ரொம்ப அழுக்காக இருக்கிறது. பச்சை நன்றாக இருக்கும். எட்டு மீட்டர் வேண்டும்.

மார்ச் 25

இன்று எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஊர் முழுக்க அலைந்து தனிநபர் கடனை நான் குறைத்துக்கொண்டிருக்க, மொத்தத் தொகை நான் நினைத்த அளவுக்குக் குறையவில்லை. ஏன் என்று தேடினேன். மார்க்கெட் கிளையில் மட்டும் இருபத்திரண்டு லட்சம் ஏறியிருக்கிறது. நாற்பத்து நான்கு பேர், ஆளுக்கு ஐம்பதாயிரம். பங்குப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே நாற்பத்து நான்கு பேர், ஆளுக்கு ஐம்பதாயிரம், அதே தேதி.

ஜீவானந்தத்தை வரச் சொன்னேன். ஒளிக்கவில்லை, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"ஆமாங்க மேடம். நம்ம பேங்குல கடன் வாங்குனா அதுல ஒரு பங்குத் தொகை புடிச்சுக்கறது வழக்கந்தானுங்களே?"

"நூத்துக்கு அஞ்சு புடிப்போம். வழக்கந்தான்."

"நான் நூத்துக்கு நூறும் புடிச்சுட்டனுங்க."

பொறுமையாக விளக்கினேன். வங்கியின் பணத்தை எடுத்துக் கொடுத்து அதிலேயே வங்கியின் பங்கை வாங்க வைத்தால் வெளியிலிருந்து ஒரு பைசாவும் வரவில்லை. இந்தப் பாக்கெட்டிலிருந்து அந்தப் பாக்கெட்டுக்கு மாற்றியிருக்கிறோம். நாளைக்கு நட்டம் வந்தால் அது தாங்காது, ஏனென்றால் அது இல்லவே இல்லை.

அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "நீங்க அன்னிக்குப் பாராட்டுனீங்களேங்க மேடம்" என்றார். அதுதான் எனக்குச் சுட்டது. ஒரே வாரத்தில் ஒன்பது லட்சம் எப்படி வந்தது என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. எனக்கு ஒன்பது வேண்டியிருந்தது.

அந்த இருபத்திரண்டு லட்சத்தை எடுத்துவிட்டால் 8.80.

மார்ச் 26

தலைவரிடம் சொன்னேன். பட்டறையில் பாதி கட்டிய பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"இது வெளிய யாருக்குத் தெரியுமுங்க?"

"எனக்கு, ஜீவானந்தத்துக்கு, இப்ப உங்களுக்கு."

"அஞ்சு நாளுதானுங்க மேடம். ஒம்பதுன்னு அனுப்பீட்டு, ஏப்ரல்ல மெதுவாச் சரி பண்ணிக்கலாமே. மாங்காய்க்காரம்மாவுக்குக் கடன் குடுக்கோணும், உங்களுக்கும் ஜி.எம். ஆர்டர் போடோணும். யாரு குடி கெடப்போகுது?"

அவர் திருட்டுத்தனமாகக் கேட்கவில்லை. வங்கி மேல் உள்ள பிரியத்தில்தான் கேட்டார். எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது. ஒரு நிமிடம் என்று எழுதுகிறேன், ஆனால் வீடு வந்து சேரும்வரை இருந்தது.

சென்னியப்பனிடம் கேட்டேன். "டிக்கெட் கொடுக்காம ஆளு ஏத்திக்கிட்டா வண்டி நெறஞ்சுதான் தெரியும். செக்கர் ஏறுனப்புறந்தான் கலெக்சன் தெரியும்" என்றார். கண்டக்டர் உவமையைத் தாண்டி வாழ்நாளில் அவர் வெளியே வந்ததில்லை.

தலைவருக்கு போன் பண்ணி, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, "சரி, அப்ப நாப்பத்து நாலு வீட்டையும் போயிப் பாத்துருவோமுங்க. என்ற ஜீப்ப எடுத்துக்கங்க" என்றார்.

மார்ச் 28, சனி, வங்கி விடுமுறை

நானும் ஜீவானந்தமும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். என்ன சொல்ல வேண்டும் என்று முதல் வீட்டுக்கு முன்பே முடிவு செய்தோம்: உங்கள் பெயரில் நாங்கள் செய்தது தப்பு. சொந்தப் பணம் இருந்தால் 31க்குள் கடனைக் கட்டிவிட்டுப் பங்கை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கடன், பங்கு இரண்டையும் ரத்து செய்கிறோம், வட்டி கிடையாது.

முதல் வீடு, மாவு மில் வைத்திருக்கும் ரங்கநாயகி. கேட்டுவிட்டு உள்ளே போய் ஐம்பதாயிரத்தோடு வந்தார்.

"காசு என்கிட்டயே இருந்துதுங்க. இவருதான் எழுந்து போயி எடுக்க வேண்டாம், கடனாவே போட்டுக்கலாமுன்னாரு. நமக்கும் சவுரியமா இருந்துது."

ஜீவானந்தம் ஜீப்புக்குப் போய் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

நான்காவது வீட்டில் தையல்காரர். அவருக்குத் தன் பெயரில் கடன் இருப்பதே தெரியாது. தூக்குப்போசிக்காகக் கையெழுத்துப் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். ரத்து செய்தோம். தூக்குப்போசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார், அதில் ரசம் இருக்கிறதாம். வேண்டாம் என்றேன்.

ஒன்பதாவது வீட்டில் கொஞ்சம் திட்டு விழுந்தது. நியாயமான திட்டு. வாங்கிக்கொண்டோம். பன்னிரண்டாவது வீட்டில் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று கொள்ளும் கம்பஞ்சோறும் போட்டார்கள். தப்பு செய்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு போன வங்கிக்காரர்களை ஊர் இதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. பதினேழாவது வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டது. அவர்களே பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

மீதி இருபது வீடு. குதிகால் வெடித்துவிட்டது. சென்னியப்பன் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். இன்று உவமை எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

இருபத்தெட்டு பேர் சொந்தப் பணம் கட்டினார்கள், பதினான்கு லட்சம். பதினாறு பேருடையதை ரத்து செய்தோம். மாலை ஐந்தரைக்குக் கூட்டினேன். தலைவர், ஜீவானந்தம், எல்லாரும் என் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

8.97.

"எட்டு புள்ளி ஒம்பத்தேழுன்னா ஒம்பதுதானுங்களே?" என்றார் தலைவர், ரொம்பச் சின்னக் குரலில்.

"எட்டு புள்ளி ஒம்பத்தேழுதானுங்க."

மூன்று லட்சம் போதவில்லை. 8.97 என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. கேஷியர் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கி வந்தார். அழுகை வந்தது, பன்னைக் கடித்து விழுங்கினேன்.

ஏப்ரல் 2

புதுக் கடன் தற்காலிகமாக நிறுத்தம் என்ற அறிவிப்பை நானே ஒட்டினேன். பத்து மணிக்குப் பாப்பாத்தி அக்கா வந்தார், படித்தார், என்னிடம் வந்தார்.

"பூப் பிஞ்சாகி நிக்குது அம்மிணி. இப்பக் குடுத்தாத்தான் தோப்பு."

"தெரியுமுங்க அக்கா. கை கட்டிப் போட்டுட்டாங்க."

"எவ்வளவு கொறையுது?"

"மூணு லட்சம்."

"மூணு லட்சத்துக்கு ஒரு பேங்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தினவட்டிக்காரர் வீட்டுப் பக்கம் திரும்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு நேர்மையாக இருந்து இந்த அம்மாவைத்தான் அங்கே அனுப்பினேனா?

ஏப்ரல் 8

என் மேசை ஃபேனைச் சரி செய்துவிட்டார்கள். பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். காற்று நன்றாக வருகிறது. முருங்கைக்காய் கிலோ இருபது.

ஏப்ரல் 20, திங்கள்

வருட ஆடிட்டுக்குத் திருச்சியிலிருந்து புது ஆடிட்டர் வந்திருக்கிறார், பெயர் ஃபர்ஸானா. இருபத்தொன்பது வயது இருக்கும். மற்றவர்களைப் போல என் கண்ணாடிக்கடிப் பட்டியலைப் பார்த்து எழுதவில்லை. தன்னுடைய பட்டியலைத் தானே கொண்டு வந்திருந்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்தார்.

"மேடம், சின்ன நகைக்கடனுக்கெல்லாம் ஏன் முழு எடை போட்டிருக்கீங்க?"

"நகைக்கடன்னா நூறுதானேம்மா?"

"பெரிய கடனுக்குத்தான் நூறு. ஒரு லட்சத்துக்குள்ள இருந்தா அம்பதுதான் மேடம். அது வந்து ரொம்ப வருஷமாச்சே."

சுற்றறிக்கைக் கோப்பை எடுத்தேன். இருந்தது. பார்த்ததற்கு அடையாளமாக என் சுருக்கொப்பமும் இருந்தது. பட்டியலை எழுதிக் கண்ணாடிக்கு அடியில் வைத்த அடுத்த மாதத் தேதி. படித்திருக்கிறேன், கோப்பில் வைத்திருக்கிறேன். கண்ணாடி மேல் சாமி படமும் காலண்டரும் இருந்ததால் அதைத் தூக்கிப் பட்டியலைத் திருத்தவில்லை. விகிதம் பன்னிரண்டு, பதிமூன்று என்று இருந்த காலத்தில் குறைத்துக் காட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்? பதினோரு வருடம் யாரும் கேட்கவில்லை.

சின்ன நகைக்கடன் மட்டும் பதினான்கு கோடி. அதில் பாதி எடை போனால் ஏழு கோடி. ஃபர்ஸானா கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

9.64.

ஏப்ரல் 21

தூக்கம் வராமல் விடிந்ததும் எழுந்து இன்னொரு கணக்குப் போட்டேன். போட்டிருக்க வேண்டாம். மார்ச் 2ஆம் தேதி, எட்டரை என்று நான் எழுதிய அன்றே, உண்மையான விகிதம் 9.12.

அதாவது இந்த ஓட்டம் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. மைக் ஆட்டோ, முந்நூறு தூக்குப்போசி, டிரில் மாஸ்டர், நாற்பத்து நான்கு வீடு, என் குதிகால், எதுவும். பாப்பாத்தி அக்கா தினவட்டிக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

சென்னியப்பனிடம் சொன்னேன். மனிதர் சிரிக்கக் கூடாது என்று ரொம்ப முயற்சி செய்தார். முடியவில்லை. கடைசியில் நானும் சிரித்தேன். கொஞ்சம் அழுதுகொண்டும் சிரித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது.

ஏப்ரல் 22

தலைவருக்கு முதலில் சந்தோஷம், பிறகு பயம்.

"திருத்தின கணக்க ரிசர்வ் பேங்குக்கு அனுப்பீரலாமுங்க. ஊருக்குள்ள மட்டும் சொல்ல வேண்டாமே? ஜனங்க இப்பத்தான் பங்கு வாங்கப் பழகியிருக்கறாங்க."

"ஜீவானந்தத்தோட தப்ப வீடு வீடாப் போயிச் சொன்னமுங்க. என்ற தப்புன்னா மூடி வெச்சுக்கறதா?"

நானே அறிவிப்பு எழுதினேன். பொறுப்புப் பொது மேலாளர் துளசிமணி பதினோரு வருடமாக நகைக்கடன் எடையைத் தவறாகக் கணக்கிட்டு வந்தார். வங்கியின் மூலதனம் எப்போதும் போதுமானதாகவே இருந்தது. அவசரம் என்று நம்பி மார்ச்சில் பங்கு வாங்கியவர்கள் விரும்பினால் பணத்தைத் திரும்பப் பெறலாம். எழுத்துப் பிழை இல்லை. இரண்டு முறை பார்த்தேன்.

ஏப்ரல் 25

நிர்வாகக் குழு. என்னை வேலையிலிருந்து எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன், நிரந்தர ஜி.எம். ஆக்கிவிட்டார்கள். "தப்பாக் கணக்குப் போட்டாலும் பேங்கு பத்திரமா இருக்கற பக்கமாத்தானுங்க போட்டிருக்கறாங்க" என்று, நான் வெளியே காத்திருந்தபோது, தலைவர் பேசினாராம். ஒரே ஒருவர் எதிர்த்தார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

எனக்கு இதில் பெரிய சந்தோஷம் என்று சொல்ல முடியாது. திரைச்சீலைக்குப் பச்சை சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 29, புதன்

கடன் கொடுக்கலாம் என்று கடிதம் வந்துவிட்டது. இந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்த, நான் எழுதிய அந்த அறிவிப்பை இன்றுதான் வாசலில் ஒட்டினோம். பதினொரு மணிக்குப் பாப்பாத்தி அக்கா தலைமையில் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். எல்லோரும் மார்ச்சில் பங்கு வாங்கியவர்கள். ரங்கநாயகியும் இருந்தார். பணத்தைத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கேஷியரைப் பார்த்தேன். அவர் கட்டுகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"காசு வேண்டாம் அம்மிணி" என்றார் அக்கா. "இந்த பேங்குக்கு எலெக்சன் எப்ப?"

தலைவர் அப்போது என் அறையில்தான் இருந்தார். ஜூலையில் என்று அவரே சொன்னார். எதற்கு என்று கேட்டார்.

"பங்குச் சீட்டுல உறுப்பினர்னு எழுதியிருக்குது. அப்ப இது எங்க பேங்குதானுங்க? பதினோரு வருசமாக் கணக்குத் தப்பாப் போயிருக்குது. மாசா மாசம் மீட்டிங் போட்டு உக்காந்தவங்க எல்லாம் என்னதான் பண்ணீட்டு இருந்தீங்க?"

தலைவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "டீ குடிச்சுட்டு இருந்தமுங்க" என்றார்.

"அப்ப எங்குளுக்கும் ஒரு நாற்காலி போட்டு ஒரு டீ குடுங்க. நான் நிக்கறேன்."

வேட்பு மனுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் விதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குழு உறுப்பினர் ஆனால் இந்த வங்கியில் கடன் வாங்க முடியாது. மாங்காய்க் கடன் அதோடு முடிந்தது.

அக்கா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினாறு வருடத்துக் கடன். தினவட்டிக்காரரிடம் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டேன். அறுபதாயிரம் என்றார்.

"இன்னிக்கு நான் குழுவுல இல்லதான?"

"இல்லீங்க."

"அப்ப மொதல்ல கடனைக் குடு. அவன் காசை வீசியெறிஞ்சுட்டு வந்தர்றேன். சூன் கடைசிக்குள்ள மாங்கா வித்து முழுசாக் கட்டீட்டு, அப்புறம் வந்து உங்க கணக்கப் பாத்துக்கறேன். அடுத்த வருசத்துக்கு இந்தப் பன்னண்டு பேருஞ் சேந்து சீட்டுப் போட்டுக்குவோம்."

ஜீவானந்தம் கடன் விண்ணப்பத்தை எடுத்து வந்தார். நூற்றுக்கு ஐந்துதான் பங்குத் தொகை பிடிப்பேன் என்று அவராகவே சத்தமாகச் சொன்னார். அக்கா அதில் கையெழுத்துப் போட்டார். பிறகு வேட்பு மனுவில் போட்டார். முன்மொழிபவர் என்ற இடம் காலியாக இருந்தது. நான் பணியாளர், போட முடியாது. பன்னிரண்டு பெண்களும் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, தலைவர் நாச்சிமுத்து தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.